நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளுக்கு

என் அருமை பிலோமினா,

எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பட்டாபிராமில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. எனக்கு வந்தது ஃப்ளூ காய்ச்சல். நடந்ததை உனக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் கை நடுக்கம் நீ உயிரோடு இருக்கும்போதே தொடங்கியதுதான். அது பார்க்கின்சன் நோய் என்று நகரத்து டாக்டர் சொல்லி, அமாண்டடின் என்ற மாத்திரை கொடுத்தார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதற்கு மேல் தள்ளிப்போட்டால் தூக்கம் கெடும். அதன் புண்ணியத்தில் காபி சிந்தாமல் குடித்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் தெருவெங்கும் காய்ச்சல். எனக்கும் வந்தது. தெருமுனைக் கிளினிக்குக்குப் போனேன். காய்ச்சலுக்கு வந்தவள் நடுக்கத்தை எதற்குக் காட்ட வேண்டும் என்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அங்கிருந்த டாக்டரும் கேட்கவில்லை. வேறு பெயரில், வேறு நிறத்தில் ஒரு மாத்திரை தந்தார். இரண்டையும் வேளை தவறாமல் போட்டேன். நான் எதில் வேளை தவறியிருக்கிறேன்?

காய்ச்சல் இறங்கியது. நீ வந்தாய்.

ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில், தலையை விரித்துப்போட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கான்வென்டில் படித்தவள் உட்காருகிற லட்சணமா அது? காலைச் சேர்த்து வை என்று அதட்டினேன். அப்போது என் மருமகள் ஸ்டெல்லா உள்ளே வந்தாள்.

"யார்கிட்ட அத்தை பேசறீங்க?"

"உங்கம்மாகிட்ட."

உன் மகள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா என்ன புடவை கட்டியிருக்காங்க?"

மறுநாளிலிருந்து மதிய வேலை முடிந்ததும் அந்த நாற்காலிக்கு எதிரே தரையில் வந்து உட்காரத் தொடங்கினாள். குஷன்கூடப் போட்டு வைத்தாள். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "ஆயாவுக்கு இன்னாவோ புட்ச்சிகினு கீது. சாமியாரை இட்டாந்து தீர்த்தம் தெளிம்மா" என்றாள். ஆயாவாம், என்னை! பேயைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

நீ ஒருத்தி மட்டும் வந்திருந்தால் நான் டாக்டரிடம் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பூனைக்குட்டிகளும் வந்தன. அடுப்படியில் ஒன்றைத் துரத்தப் போய், கொதிக்கும் உலையைக் கவிழ்க்கப் பார்த்தேன். பூனையே இல்லை. அந்தப் பக்கம் நின்றிருந்தது ஸ்டெல்லா.

டாக்டரிடம் போகலாம் என்றேன். "அம்மாவைப் பத்திச் சொல்லித்தான் ஆகணுமா அத்தை?" என்று கேட்டாள். சொன்னால் நீ போய்விடுவாய் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டிலிருந்த அத்தனை மருந்தையும் நகரத்து டாக்டரின் மேஜையில் கொட்டினோம். அவர் இரண்டு அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மருந்துதாம்மா. ஃப்ளூவுக்கும் இதைக் குடுப்பாங்க. நீங்க டபுளா போட்டிருக்கீங்க." உன் மாப்பிள்ளை இரண்டையும் குப்பையில் போடக் கை நீட்டினான். டாக்டர் தடுத்தார். நடுக்கத்துக்கானதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்துப்போகுமாம். காய்ச்சலுக்குத் தந்ததை மட்டும் விட்டுவிட்டு, பழைய அளவுக்கே திரும்பினேன்.

நீ மங்கலானாய். பிறகு குஷன் மட்டும் இருந்தது. ஸ்டெல்லா அப்போதும் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இதோ பாரு," என்றேன். "உங்கம்மா வாயை மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் உக்காந்தது கிடையாது. வந்தது அவ இல்ல. நிஜமானவளைப் பத்திச் சொல்றேன், கேளு."

கான்வென்டில், வாயே திறக்கக் கூடாத தியான நாளில், சிற்றாலயத்தில் நீ சிரித்துத் தொலைத்து, என்னையும் சேர்த்து முட்டி போட வைத்தாயே, அதைச் சொன்னேன். ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் கன்னியம்மா மறுபடி ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

இனி எந்த டாக்டரிடமும் என் கையை மறைக்க மாட்டேன். எல்லா மாத்திரைகளையும் காட்டுவேன். மதியந்தோறும் ஸ்டெல்லாவுக்கு உன்னைப் பற்றிச் சொல்வேன். இது வாக்கு.

எனக்குத் தெரியாத ஒன்றை அவள் கேட்கிறாள்: அவள் பிறந்ததும், அவள் முகத்தைப் பார்த்து நீ முதலில் என்ன சொன்னாய்? நேரில் வர வேண்டாம். பதிலைத் தயவுசெய்து எழுத்தில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் பெஞ்சுத் தோழியும் சம்பந்தியுமான
தெரசா