வால்பிடி

மார்டன் ஏரி, வான்கூவர் தீவு
ஏப்ரல் 9, 1989

மதிப்பிற்குரிய திரு. வெய்க்கோ நீமி அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்கிறாள் அம்மா. நலமா? சரி, இப்போது விஷயம்.

உங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கிறதாம், அதில் காபிக் கோப்பை மாட்டி வைத்திருக்கிறீர்களாம். அது எனக்கு வேண்டும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பழைய ரம்பங்களைச் சேர்க்கிற எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கென்று நாலு பக்கத் தாள் ஒன்று மாதாமாதம் வருகிறது. அதில் 'இருவர் ரம்பத்துக்கு வால்பிடி தேவை' என்று விளம்பரம் கொடுத்திருந்தேன். உங்கள் தண்டர் பே நகரத்திலிருந்து ஒருத்தர் எழுதினார்: "எங்க தெருவுல ஒரு ஃபின்லாந்துக்காரர்கிட்ட அது இருக்கும்மா. நானும் கேட்டுப் பாத்துட்டேன். வேணும்னா என் பல்லைக் கழட்டித் தரேன், அதைக் கேக்காதேங்கறார்." உங்கள் பல் வேண்டாம். கைப்பிடி போதும்.

என் பெயர் சிக்னி. இருபத்தொரு வயது. வான்கூவரில் யுனிவர்சிட்டிக்குப் போனேன், பிடிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது இங்கே கஸ் என்பவரின் ரம்பக் கடையில் வேலை. என்னைப் பேசவிட்டால் நானே பெரிய ரம்பம் என்பார் கஸ். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு இருவர் ரம்பம் கிடக்கிறது. ஒரு முனையில் எஞ்சின், நடுவில் ஆள் நீளத்துக்கு அலகு, அதைச் சுற்றிச் சங்கிலி. மறுமுனையில் இன்னொரு ஆள் பிடிக்கும் வால்பிடி இருக்க வேண்டும். அதுதான் இல்லை. நான் பிறந்ததிலிருந்து அந்த ரம்பம் வாலில்லாமல்தான் கிடக்கிறது. எஞ்சினும் இறுகிப்போய் அசையாது. ஆகஸ்டில் எங்கள் ஊரில் மரவெட்டிகள் திருவிழா. அதற்குள் அதை ஓட்டிக் காட்டாமல் விடமாட்டேன்.

விலை சொல்லுங்கள். ரம்பம் என் அப்பா ஐனார் ஹாகனுடையது. மரியாதையான இடத்துக்குத்தான் போகிறது என்று நம்பலாம்.

இப்படிக்கு,
சிக்னி ஹாகன்


மார்டன் ஏரி
மே 21

மதிப்பிற்குரிய திரு. நீமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடிதம் என்றா சொல்வது? அஞ்சலட்டையில் ஒரே வரி: 'விற்பதற்கில்லை. நான் எண்ணெய் ஊற்றினேனா இல்லையா என்று உன் அப்பாவிடம் கேள்.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரியாததை நான் சத்தமாகப் படித்துவிடுவேன், அது என் வழக்கம். காலைச் சாப்பாட்டில் படித்தேன். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து மழையில் கோட் கூடப் போடாமல் கொட்டகைக்குப் போய்விட்டார். முட்டை அப்படியே ஆறிப்போனது.

கதையை அம்மாதான் சொன்னாள். அப்பா எஞ்சின் பக்கம், நீங்கள் வால் பக்கம். மரவெட்டிக் கேம்பில் உங்கள் இரண்டு பேரையும் விடப் பெரிய ஜோடி கிடையாது. உங்களை 'ஐனாருக்கு வால் பிடிக்கிறவன்' என்று மற்றவர்கள் கிண்டல் செய்தால் அப்பாதான் முதலில் சண்டைக்குப் போவாராம். அந்த எஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றுவது வால்பிடிக்காரர் வேலை. ஒருநாள் பெரிய ஃபர் மரத்தைப் பாதி அறுத்திருக்கும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பாதி அறுந்த மரம் காற்றில் ஆட, மொத்தக் கூட்டமும் மலைச்சரிவை விட்டு இறங்கி ஓடியது. கீழே எல்லோர் முன்னாலும் அப்பா உங்களைப் பார்த்து, "எண்ணெய் ஊத்த மறந்துட்டியேடா. வெறும் வால் பிடிக்கிறவனுக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்றாராம்.

யார் சொன்னாலும் பரவாயில்லை, அவர் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலைப் படகில் நீங்கள் போய்விட்டீர்கள். வால்பிடியும் போய்விட்டது. "அப்புறம் இந்தக் கரையில ஒரு கேம்ப்லயும் வெய்க்கோவுக்கு வேலை குடுக்கலை. எண்ணெய் மறந்தவன்னு பேர் விழுந்தா விழுந்ததுதான்" என்றாள் அம்மா.

இதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வாரமே எஞ்சினைப் பிரித்துவிட்டேன். சிலிண்டரில் டீசல் ஊற்றி ஊறவைத்து, பிர்ச் கட்டையை வைத்துத் தட்டித் தட்டி பிஸ்டனை வெளியே எடுத்தேன். அடியில் பேரிங்கைச் சுற்றி என்ன இருந்தது தெரியுமா? எண்ணெய். காய்ந்து மேப்பிள் பாகு மாதிரி பழுப்பாக, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக. எண்ணெய் இல்லாமல் ஓடிய எஞ்சின் இப்படி இருக்காது. அப்படிப்பட்டவற்றைக் கடையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்ளே எல்லாம் நீலம் பாய்ந்து எலும்பாக வறண்டு கிடக்கும்.

பிறகு ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். உங்களுக்குத் தெரியும், அதன் உதடு உள்பக்கம் பார்க்க வேண்டும், காற்று உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். இது வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டிருக்கிறார்கள். காற்று உள்ளே போய், பெட்ரோல் போதாமல், சூடேறி இறுகியிருக்கிறது. எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சீலைப் போட்டது யார் என்று தேட வேண்டியதில்லை. பழைய ஆட்கள் மத்தியில் இந்தக் கதை எப்போது வந்தாலும் அப்பா ஒரே பல்லவிதான் பாடுவாராம்: "எஞ்சின் மேல தப்பே கிடையாது. முந்தின ஞாயித்துக்கிழமைதான் முழுசாப் பிரிச்சு, என் கையாலயே புது சீல் போட்டேன்."

கஸிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி நன்றாகப் பார்த்துவிட்டு, "புதுசு ஒண்ணு போட்டு எஞ்சினை மூடு. கூடவே உன் வாயையும் மூடு" என்றார். எஞ்சினை மூட எனக்குத் தெரியும். இன்னொன்று இதுவரை பழகவில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இது முதலில் உங்களுக்குத்தான் தெரிய வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் எண்ணெய் ஊற்றினீர்கள் ஐயா. நான் கண்ணால் பார்த்தேன்.

இப்படிக்கு,
சிக்னி


மார்டன் ஏரி
ஜூலை 16

அன்புள்ள வெய்க்கோ ஐயாவுக்கு,

என் இரண்டாவது கடிதத்துக்குப் பதில் இல்லை. வேண்டாம். ஆனால் இதைப் படித்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடுகிறது! வேறொரு செத்த ரம்பத்திலிருந்து பிஸ்டன், வளையங்களை எடுத்துப் போட்டேன். சிலிண்டரைத் தேய்த்தேன், கார்பரேட்டரை மூன்று முறை பிரித்தேன். பெயிண்டை மட்டும் தொடவில்லை. பச்சை மங்கி, அப்பாவின் கை உரசிய இடத்தில் தகரம் வெள்ளையாகத் தெரிகிறது. அதன்மேல் புதுப் பெயிண்ட் அடிப்பவனைச் சுட வேண்டும்.

ஓட்டுவதற்கு முன்பே அப்பாவிடம் சீலைக் கொடுத்துவிட்டேன். மேஜையில் வைத்து, "இது இப்படித்தான் இருந்துச்சுப்பா, உதடு வெளியே" என்றேன், அவ்வளவுதான். அவர் விரல்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அத்தனை வருஷம் ரம்பம் பிடித்ததில் நரம்பு செத்து, குளிரடித்தால் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துவிடும். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறாள். சீலைத் திருப்பித் திருப்பித் தடவினார். எந்தப் பக்கம் உதடு என்று விரலுக்குத் தெரியவில்லை. கடைசியில் தன் உதட்டில் வைத்துப் பார்த்தார். தெரிந்துவிட்டது.

நான் சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வெய்க்கோ காலையில பெட்ரோல் கேனைக் குலுக்குவான். எண்ணெய் கலக்கணும்ல. தகரம் டபடபன்னு அடிக்கும். கேம்ப் மொத்தமும் அவனைத் திட்டிக்கிட்டே எழுந்திருக்கும்" என்றார். சீலை மேஜையில் வைத்தார். பிறகு, "அன்னிக்கும் கேட்டுச்சு" என்றார்.

"கேட்டுச்சா? அப்புறம் ஏன்ப்பா?" என்றேன்.

"மரம் ஆடுது, எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. வாய் முந்திக்கிச்சு. மறுநாள் சொல்லிக்கலாம்னு படுத்தேன். காலையில சத்தமில்லை. யாரும் கேனைக் குலுக்கலை. அன்னிக்கு கேம்ப்பே லேட்டாத்தான் எழுந்துச்சு."

சீலைக் கையில் கொடுத்த நாளிலிருந்து அவர் வாய் மூடுவதில்லை. முப்பத்தாறு வருஷமாக வீட்டில் உங்கள் பெயரைச் சொல்லாத மனிதர் இப்போது வேறு எதையும் பேசுவதில்லை. பலகையே கிடைக்காத கேம்பில் நீங்கள் எங்கிருந்தோ மரம் திருடி வந்து நீராவிக் குளியல் அறை கட்டியது. முதலாளி பரிசோதிக்க வந்து, உள்ளே போய், வெளியே வர மனமில்லாமல் அங்கேயே தூங்கிப்போனது. அடுப்பைச் சுற்றிக் காயும் ஈரக் காலுறைகளின் நாற்றம். அதைக்கூட ஆசையாகச் சொல்கிறார்! "அந்த ரம்பத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்கிறாள் அம்மா. "ரம்பம் வேணாம். வெய்க்கோ நல்லாச் சமைப்பான்" என்கிறார்.

ஒன்று சொன்னார், அது என் மனசிலேயே நிற்கிறது. எஞ்சின் சத்தத்தில் எதுவும் காதில் விழாதாம். மரத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் அவர், முகமும் தெரியாது. பேச்செல்லாம் கைப்பிடி வழியாகத்தானாம். வாலில் லேசாக ஒரு தூக்கு தூக்கினால் 'மெதுவா' என்று அர்த்தம். ஒரு திருகு திருகினால் 'நிறுத்து'. "அன்னிக்கு இறுகறதுக்கு முன்னாடியே அவன் திருகினான். நான்தான் இன்னும் கொஞ்சம்னு அழுத்தினேன்" என்றார்.

போன சனிக்கிழமை அப்பா கஸ் கடைக்கு வந்தார். காபிக்காக உட்கார்ந்திருந்த பழைய மரவெட்டிகள் எல்லோரும் இருந்தார்கள், அன்று சரிவிலிருந்து ஓடியவர்களும் இருந்தார்கள். சீலைக் கவுண்டரில் வைத்து, "வெய்க்கோ எண்ணெய் ஊத்தினான். இதைத் திருப்பிப் போட்ட முட்டாள் நான்" என்றார். எல்லோரும் அதை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவர், "ஏன் ஐனார், இத்தனை வருஷமா எண்ணெய்க் கதையைக் கேட்டு எங்க காது புளிச்சுது, இனிமே சீல் கதையா?" என்றார். அப்பாவும் சிரித்தார். கஸ் அந்த சீலைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கதையைத் தொடங்குகிறார். இந்தக் கரையில் உங்கள் பெயர் இப்போது அப்படித்தான் இருக்கிறது, ஐயா.

இனி நான் கேட்க வந்தது. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி திருவிழா. மைதானத்தில் ஒரு பெரிய ஃபர் துண்டத்தை நிறுத்தி அறுக்க வேண்டும். ரம்பத்துக்கு இரண்டு பேர் வேண்டும். கஸ் வருகிறேன் என்றார், அப்பா மறுத்துவிட்டார். நான் வருகிறேன் என்றேன், என்னையும் மறுத்துவிட்டார். வாலுக்கு ஒரு கட்டையைச் செதுக்கி மாட்டலாம் என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், அதோடு விட்டுவிட்டேன். டாக்டர் இந்த ஒருமுறை மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது.

"அவர் வந்தாலும் எஞ்சின் பக்கத்தை நீங்க எப்படிப்பா தாங்குவீங்க? அத்தனை கனம், அத்தனை அதிர்வு" என்று நேற்று கேட்டேன்.

"நான் எதுக்குத் தாங்கணும்? எஞ்சின் பக்கம் அவன் நிக்கட்டும். வால் நான் பிடிக்கிறேன்" என்றார்.

விரல் காரணமாகத்தான் என்று உடனே சேர்த்துச் சொன்னார். விரல் காரணம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ரயிலில் வாருங்கள், படகுத்துறைக்கு நான் லாரியோடு வந்து நிற்பேன். அம்மா உங்களுக்காக மாடி அறையைத் துடைத்து வைத்துவிட்டாள். சுவரிலிருந்து அந்தக் கைப்பிடியைக் கழற்றி எடுத்து வாருங்கள். கழற்ற மனம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது இல்லாமலும் நீங்கள் வாருங்கள்.

பெட்ரோல் வாங்கிக் கேனில் நிரப்பி வைத்திருக்கிறேன். எண்ணெய் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் கலக்கவில்லை. அதை யாரும் தொடக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அன்புடன் காத்திருக்கும்,
சிக்னி