பத்ரூனில் பாற்சோறு

27 ஏப்ரல் 2009, திங்கள்

லிஃப்ற் மறுபடியும் வேலை செய்யவில்லை. படியேறி வந்தால் அப்பா எதிரே இறங்குகிறார், கையில் பதாகை. வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிற்றி அவனியூவில் சனம் கூடுகிறதாம்.

"வாறியோ?"

காலையிலிருந்து ஒரு பார்க்கிங் கராஜின் கூரையைச் சுத்தியலால் தட்டி, வெற்றுச் சத்தம் வரும் இடங்களுக்குச் சோக்கால் கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் உள்ளே போய்க் கம்பியைத் தின்றுவிட்ட கொங்கிறீற். எங்கே உடைக்க வேண்டும் என்று சொல்வதுதான் என் தொழில்.

"நாளைக்கு" என்றேன். அப்பா இறங்கிப் போனார்.

ரதி அக்கா வன்னிக்குள் இருக்கிறா. அத்தானும் மகள் அட்சயாவும் கூட. கடைசியாகக் கதைத்தது பெப்ரவரியில். அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே கனடா நம்பர் என்னுடையது. அதனால் போனைக் குளியலறைக்கும் கொண்டு போகிறேன். ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு.

3 மே, ஞாயிறு

எலீயின் கலியாணம் வருகிறது. எலீ என்னோடு வேலை செய்யும் லெபனான்காரன். ஊர் பத்ரூன், கலியாணமும் அங்கேதான். பெய்ரூட்டுக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரு சின்னப் பழைய ஊர். ரிக்கெற் போன வருடமே எடுத்தது, காசு திரும்பாது.

அம்மா: "போகாதை எண்டு நான் சொல்லேல்லை. சனம் என்ன சொல்லும் எண்டுதான்."

அப்பா: "போகட்டும் விடு. எங்க நிண்டாலும் உவன் போனைத்தானே பாத்துக்கொண்டு நிக்கப்போறான்."

உண்மை என்னவென்றால், எனக்குப் போக வேண்டும். இந்த வீட்டுக்குள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறோம். எனக்கு முடியவில்லை.

10 மே, ஞாயிறு

கார்டினர் நெடுஞ்சாலையின் மேல் ஏறிச் சனம் இருந்துவிட்டது. நானும் அப்பாவும்கூட. எல்லோரும் கத்துகிறார்கள். நான் பாலத்தின் இணைப்பில் ரப்பர் கிழிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா விலாவில் இடித்தார். "சத்தம் போடடா. றோட்டைப் பாக்கவே வந்தனீ?"

போட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

14 மே, வியாழன்

போனை அம்மாவிடம் கொடுத்தேன். எந்தப் பொத்தான் என்று காட்டப்போக, "எனக்குத் தெரியும், நீ வெளிக்கிடு" என்றா. முகத்தைப் பார்க்கவில்லை.

16 மே, சனி — பத்ரூன்

சரி, அழகான ஊர்தான். மஞ்சள் கல் வீடுகள், ஒடுங்கிய தெருக்கள், துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய கல் தேவாலயம். தேர்தல் வருகிறதாம், சுவரெல்லாம் முகங்கள். போகிற இடமெல்லாம் எலுமிச்சைச் சர்பத்தைக் கையில் திணிக்கிறார்கள்.

இங்கே பேர்போனது ஒரு பழைய கடற்சுவர். பழங்காலக் கடலோடிகளான பினீசியர் "கட்டியது" என்று எலீ பெருமையாகச் சொன்னான். போய்த் தடவிப் பார்த்தேன். கட்டவில்லை. கரையிலிருந்த பாறையைக் கல்லுக்காக வெட்டி வெட்டி எடுத்திருக்கிறார்கள். கடல்பக்கம் வெட்டாமல் விட்ட விளிம்புதான் சுவர். எலீயிடம் சொன்னேன்.

"நீ எல்லாவற்றையும் கெடுப்பாய்" என்றான்.

தங்கியிருப்பது எலீயின் சித்தியின் விடுதியில். காலைச் சாப்பாடு தருகிறவள் இலங்கைக்காரி. பெயர் குசும், ஊர் குருநாகலாம். என்னைப் பார்த்ததும் சிங்களத்தில் "லங்காவா?" என்று கேட்டாள். ஓம் என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டேன். விசாவுக்காகக் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் கிடந்த வருடத்தில் பொறுக்கிய சிங்களம். அவளுக்குச் சரியான சந்தோசம். அதிலிருந்து என்னை "மல்லி" என்கிறாள். தம்பி என்று அர்த்தம். என்னைச் சிங்களவன் என்று நினைத்திருக்கிறாள் என்பது விளங்கியது. திருத்தவில்லை. விடுமுறையில் வந்த இடத்தில் எதற்கு?

18 மே, திங்கள்

சண்டை முடிஞ்சுதாம்.

இன்ரநெற் கடையில் பார்த்தேன். ஒவ்வொரு தளமும் ஒவ்வொன்று சொல்கிறது. படங்கள். ஒன்றைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு பெடியள் கார் விளையாட்டு விளையாடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு அடித்தேன். அம்மா முதல் மணியிலேயே எடுத்தா. "ரதியோ?" எண்டு கேட்டா. "நான்" எண்டன். "வையடா, அவள் அடிப்பாள், லைன் பிஸியா இருக்கும்."

வைச்சிட்டன். நான் ஏன் இஞ்ச நிக்கிறன்?

19 மே, செவ்வாய்

எழுதாமல் விட்டால் நான் இதை நடக்கவில்லை என்று ஆக்கிவிடுவேன்.

காலையில் குசும் ரொட்டி கொண்டுவரவில்லை. பாற்சோறு கொண்டுவந்தாள். டைமண்ட் டைமண்டாக வெட்டி, பக்கத்தில் மிளகாய்ச் சம்பல். இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்தத் தேங்காய்ப்பால் வாசம். பெரிய துண்டாக எடுத்து வாய்க்குள் வைத்துவிட்டேன்.

"யுத்தம் முடிஞ்சுபோச்சு மல்லி" என்றாள். "ஊரில் றோட்டில் நின்று எல்லாருக்கும் பாற்சோறு கொடுக்கிறார்களாம். என் தம்பி இனி உயிரோடு வீட்டுக்கு வருவான்."

தம்பி ஆமியில். செட்டிகுளம் பக்கம், வன்னியிலிருந்து வந்த சனத்தை அடைத்து வைத்திருக்கும் முகாமில் காவல்.

வாயில் சோறு. அவள் முன்னால் நின்று சிரிக்கிறாள். துப்பவில்லை.

விழுங்கினேன்.

20 மே, புதன்

சாப்பிடப் போகவில்லை. கடற்சுவரின் மேலே ஏறி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடந்தேன். அம்மாவுக்கு அடித்தேன். அக்கா அடிக்கவில்லை. அப்பா யாரோடும் கதைப்பதில்லையாம், வேலைக்கும் போகவில்லையாம். "நீயாவது ஏதும் செய்யன்" என்றா.

நான் என்ன செய்ய? எங்கே தட்டிப் பார்க்க?

பிறகுதான் உறைத்தது. முகாம் வேலிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருவனின் அக்கா, கீழே சமையலறையில் கோப்பை கழுவுகிறாள். ரொறன்ரோவில் எங்கள் கட்டிடத்தில் இருக்கிற அத்தனை பேரும் எம்.பி.க்கும் செஞ்சிலுவைக்கும் அடித்து அடித்துக் களைத்துவிட்டார்கள். என்னிடம் மட்டும் ஒரு வழி இருக்கிறது. கேவலமான வழி. ஆனால் வழி.

21 மே, வியாழன்

கேட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது, அதற்குப் போதிய சிங்களமும் இல்லை.

"நான் தமிழ். என் அக்கா வன்னிக்குள்ளே இருந்தவ. உங்கள் தம்பியிடம் தேடச் சொல்ல முடியுமா?"

மேசை துடைத்துக்கொண்டிருந்தவள், விருந்தாளிகளின் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அந்தப் பாற்சோறு?"

"சாப்பிட்டேன்."

வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. "முதல் நாளே சொல்வதற்கென்ன? நான் கடித்தா விடுவேன்?"

அவள் போட்ட மேசைத் துணியை எடுத்து மடித்தேன்.

"என் தம்பியை உனக்குக் கண்ணில் காட்டக்கூடாது, இல்லையா?"

"ஓம்" என்றேன்.

"அவனிடமே உதவி கேட்கிறாய்."

"ஓம்."

எழும்பி உள்ளே போனாள். எலுமிச்சம்பழம் வெட்டும் சத்தம் கேட்டது. கனநேரம் வெட்டினாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஏன் எனக்கு அது மட்டும் வருவதில்லை?

23 மே, சனி

கலியாணம். தேவாலய மணி, அரிசியும் பூவும், விடிய விடிய ஆட்டம். எலீயின் தாய் கையைப் பிடித்து இழுத்தா. ஆடினேன். கேவலமாக ஆடினேன்.

24 மே, ஞாயிறு

குசுமுக்கு ஞாயிறு மட்டும்தான் வெளியே போகலாம். காலையில் வாசலில் செருப்பு மாட்டியபடி, என்னைப் பார்க்காமலே, "விபரம் சொல்" என்றாள்.

கடைத்தெருவில் போன் பேசும் கடை. வெளியே நின்றேன். கண்ணாடிக்குள் அவள் வாய் மட்டும் தெரிந்தது. தம்பியோடு சண்டை பிடிப்பதுபோல் இருந்தது. கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ரதி என்று அங்கே ஒரு ஊரே இருக்குமாம். வேறு என்ன?"

"கணக்கு ரீச்சர். கிளிநொச்சியில் படிப்பித்தவ. இடது புருவத்தில் வெட்டுக்காயம். மகளின் பெயர் அட்சயா."

சொன்னாள். என் நம்பரையும் சொன்னாள். வெளியே வந்து, "பார்க்கிறேன் என்றான். அவ்வளவுதான்" என்றாள்.

நாளை பிளேன். நன்றி சொன்னேன். "உன் அக்கா வரட்டும், பிறகு சொல்" என்றாள். இந்தத் தடவை மல்லி என்று சொல்லவில்லை.

27 மே, புதன் — ரொறன்ரோ

லிஃப்ற் வேலை செய்கிறது. வீட்டில் ஒன்றும் மாறவில்லை. அம்மா போனைத் திருப்பித் தந்தா, திரையில் மஞ்சள் கறையோடு. குசுமைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை.

5 ஜூன், வெள்ளி

ஒன்றுமில்லை.

14 ஜூன், ஞாயிறு

விடியற்காலை. இலங்கை நம்பர். ஆண் குரல், சிங்களத்தில்: "குசும் அக்காவின் தம்பி கதைக்கிறேன்." எழும்பி நின்றுவிட்டேன். இரைச்சல், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு—

"தம்பி. நான்தான்."

அக்காதான் கதைச்சா: "அட்சயா என்னோடதான் நிக்கிறாள். காலில காயம், ஆறுது. மரத்துக்குக் கீழ பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன், அப்பிடித்தான் உந்தப் பெடியன் என்னைக் கண்டுபிடிச்சவன். புருவத்தைப் பாத்திட்டு 'அட்சயாவின்ர அம்மாவோ' எண்டு கேட்டவன், நான் நடுங்கிப்போனன். அத்தானைப் பற்றி இப்ப கேளாதை."

அம்மா போனைப் பறித்து அழுதா. அக்கா "அழாதேங்கோ, நேரமில்லை" என்றது எனக்குக் கேட்டது. கட்டாகிவிட்டது.

அப்பா: "ஆர்ர போன்?"

"ஒரு ஆமிக்காரன்ர."

எல்லாவற்றையும் சொன்னேன். பத்ரூன், குசும், பாற்சோறு. பாற்சோற்றையும் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை. "என்ர பிள்ளை உயிரோட இருக்கிறாள் எண்டதை அவங்கட வாயாலயோ நான் கேக்கோணும்?"

பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

குசுமுக்கு அடித்தேன், விடுதி நம்பருக்கு. "கிடைத்துவிட்டா" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்பாட்டு நேரம், ஆட்கள் வந்துவிட்டார்கள் மல்லி" என்று வைத்துவிட்டாள்.

28 ஜூன், ஞாயிறு

குசுமின் தம்பி போன ஞாயிறும் இன்றும் அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தான். மணி அடித்தவுடன் அப்பா பல்கனிக்குப் போய்விடுகிறார், கதவு சாத்திக்கொள்கிறது. அத்தானைப் பற்றி இன்னும் ஒன்றுமில்லை.

5 ஜூலை, ஞாயிறு

போன் அடித்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். அம்மா எடுத்துவிட்டா. முதலில் அவன் குரல்தான் வரும், பிறகுதான் அக்காவைக் கூப்பிடுவான். அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது.

சோப்பு நுரையோடு துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். அம்மா வீட்டின் நடுவில் நின்று, வாசலுக்கு வந்த ஆளிடம் கேட்பதுபோல, தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தா:

"தம்பி, சாப்பிட்டீங்களோ?"

அப்பா பல்கனியில். கதவு பாதி திறந்திருந்தது.