செவன் கிங்ஸில் உறங்கும் லப்டொப்

21 ஏப்ரல், திங்கள்

தூறல். லண்டனின் செவன் கிங்ஸ் முழுவதும் நனைந்த கோழி மாதிரி.

வியாழன் கொழும்பில் தம்பி குணத்துக்கு இருதய பைபாஸ். புதன் மத்தியானம் வார்டிலிருந்து வெப்காமில் வருவான். போனில் உத்தரவு: "அண்ணை, உள்ளுக்குப் போக முதல் உங்கடை திருமுகத்தை ஒருக்காப் பாக்கவேணும். நல்ல புளுகு ஒண்டும் சொல்லவேணும்." நேரில் பார்த்து வருடக்கணக்கு.

ஆயத்தம்: சவரம். நீலச் சேட். புளுகு (பிரமாண்டமானது). லப்டொப்.

லப்டொப்தான் சதி செய்கிறது. சனிக்கிழமை யாரையும் கேளாமல் அப்டேட் போட்டுக்கொண்டது. அன்று பிடித்த தூக்க வியாதி. சக்கரவர்த்தி நான் அமர்ந்து கை வைத்ததும் திரை கறுப்பு. தட்டினால் எழும்பாது. பட்டனை அழுத்திப் பிடித்து, முதலிலிருந்து எல்லாம். இன்று மட்டும் ஆயிரம் தடவை. (மனைவி ராணியின் கணக்கில் ஐந்து.)

இரவுச் சாப்பாட்டு நேரம் பரமு மச்சான் போன். "வளையல் கையிலதானே?" ஓம், ஓம். ராணியின் அண்ணன். சுவிஸிலிருந்து வந்து இங்கே காந்த வளையல் வியாபாரம். பிரஷர், மூட்டுவலி, மனக்கவலை, சகலதுக்கும் ஒரே வளையல். சொந்தக்காரர் எல்லோர் கையிலும் விலங்கு பூட்டிவிட்டார். எனக்குத் தையில் பூட்டினார். மச்சானின் முகம் கோணக்கூடாதே, குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

22 ஏப்ரல், செவ்வாய்

மப்பு வானம். மருமகள் தர்சி, அக்காவின் மகள், குரோய்டனில் கொம்பியூட்டர் வேலை. மத்தியான இடைவேளையில் எடுத்தாள்.

"மாமா, பவர் செட்டிங்ஸில ஸ்லீப்பை நெவர் எண்டு போடுங்கோ."

"போட்டாச்சு, பிள்ளை."

"பற்றரியைக் கழட்டிப் பூட்டினீங்களோ?"

"பூட்டியாச்சு."

"பிறகும் நித்திரையோ? நீங்கள் என்னதான் செய்யிறியள் அதுக்கு?"

"தாலாட்டுப் பாடாத குறை."

இன்று செய்தவை: ஸ்கிரீன் சேவர் நீக்கம். அப்டேட்டை வாபஸ் வாங்கும் முயற்சி (பாதியில் தூங்கிவிட்டது). வசை, செந்தமிழில்.

பின்னேரம் ஒரு விசித்திரம். ராணி அதே கதிரையில் இருந்து லப்டொப்பில் நாடகம் முழுவதும் பார்த்தாள். யந்திரம் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. நான் தொட்டேன். போச்சு.

"உங்களிலதான் ஏதோ தோஷம்."

சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கறுத்தால்? நெஞ்சைப் பிளக்கக் கொடுக்கப் போகிறவன் பார்க்கக்கூடாத காட்சி.

ராணி ஆர்ச்வே முருகனிடம் போய்க் குணத்தின் பெயருக்கு அர்ச்சனை செய்துவந்தாள். லப்டொப்பின் நட்சத்திரம் கேட்கவில்லையா என்றேன். முறைப்பு.

23 ஏப்ரல், புதன்

வெயில்! பரமு மச்சான் தைரியம் சொல்ல வந்திருந்தார். பையில் புதுமாதிரி வளையல்கள்.

ஒரு மணிக்குக் குணம் வந்தான். பக்கத்துக் கட்டில்காரரின் லப்டொப். குணத்தின் மனைவி வசந்தி மருந்து வாங்கப் போயிருந்தாள். தலையணையில் சாய்ந்து கிடந்தான். பாதி ஆள்.

"அண்ணை, தெரியுதோ?"

"தெரியுதடா. நீ என்ன இப்பிடி..."

கறுப்பு.

பட்டன். காத்திருப்பு, ஒரு யுகம். இம்முறை ராணியை முன்னால் இருத்தினேன். வந்தான். கதைத்தாள். ஒரு தடங்கலும் இல்லை.

"அண்ணை எங்கை?"

அவள் தோளுக்கு மேலால் குனிந்து, லப்டொப்பின் ஓரத்தில் கை ஊன்றினேன். கறுப்பு.

ராணி திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். மேசையில் கிடந்த பேப்பர் கிளிப் ஒன்று வளையலில் ஒட்டித் தொங்கியது.

"கழட்டுங்கோ அதை!"

"என்ன தங்கச்சி நீ! கழட்டினா மச்சானுக்கு பிரஷர் ஏறும்."

"இப்ப எனக்கு ஏறுது, அண்ணை!"

கழற்றிச் சோபாவில் எறிந்தேன். பட்டன். யுகம். குணம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"பயந்திட்டன், அண்ணை. இனிக் காணமாட்டன் எண்டு."

தயாரித்த புளுகு பெரியது: மகாராணி என் வீட்டுக் கோழிக்கறிக்குக் கார் அனுப்பிய கதை. அதைக் கைவிட்டேன். வளையலை எடுத்துத் தூரத்தில் தூக்கிப் பிடித்து, நடந்ததை அப்படியே சொன்னேன். கிளிப் உட்பட. கழற்றியதை நடித்தும் காட்டினேன்.

"பொய்!" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீங்கள் விட்டதுக்குள்ள இதுதான் அண்ணை திறமான புளுகு."

நேர்ஸ் வந்து அவனைப் பறித்துக்கொண்டாள்.

பிறகு தர்சி போனில் விளக்கம். லப்டொப்பின் மூடிக்குள் ஒரு குட்டிக் காந்தம். அது கிட்ட வந்தால், மூடியாச்சு என்று நினைத்து யந்திரம் தூங்கும். நான் மூடிவைத்துப் பாட்டுக் கேட்பவன் என்று, மூடினாலும் தூங்காதபடி அவள் முன்பு மாற்றி வைத்திருந்தாளாம். அப்டேட் அதை அழித்துவிட்டது. பிறகென்ன, வளையல்தான் மூடி. "சொரி மாமா, நீங்கள் மூடேல்லைத்தானே, அதை யோசிக்கேல்லை."

24 ஏப்ரல், வியாழன்

மழை. காலையிலேயே அங்கே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். லப்டொப் விரியத் திறந்தபடி. தர்சி சொல்லித் திருத்தியாச்சு, இப்போது மூடினாலும் தூங்காது. நானும்தான்.

தேத்தண்ணி மூன்று கோப்பை, மூன்றும் ஆறியது. பரமு மச்சான் வந்து பக்கத்தில் இருந்தார். வியாபாரப் பேச்சு இல்லை. அவர் கையிலும் வளையல் இல்லை.

பின்னேரம் வசந்தி: "முடிஞ்சுதாம். இன்னும் கண் முழிக்கேல்லை."

25 ஏப்ரல், வெள்ளி

வெளியே பார்க்கவில்லை.

வசந்தி வெப்காமில். அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை.

"முழிச்சிட்டார், அத்தான். வாயில குழாய், கதைக்க ஏலாது. ஆனா ஒரு கையால மற்ற மணிக்கட்டைப் பிடிச்சுப் பிடிச்சுக் காட்டுறார். பிறகு எதையோ கழட்டி எறியிற மாதிரி. நேர்சுக்கும் விளங்கேல்லை, எனக்கும் விளங்கேல்லை. உங்களுக்கு ஏதும் விளங்குதோ?"