பரங்கிக்காய்க்குள் என்ன வைத்தாய்

3 ஜூன், செவ்வாய்

விழுப்புரத்தில் பஸ் ஏறும்போதே கூட்டம். திண்டிவனம் வரை நின்றுகொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி லேபில் காலையிலிருந்து ரத்தம் எடுத்து எடுத்து விரல் மரத்துக் கிடந்தது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றக்கூட சுகுமார் விடவில்லை.

"அப்பா போன் பண்ணாரு. பதினஞ்சாம் தேதி சாயங்காலம் வர்றாங்களாம். அம்மா, காயத்ரி, எல்லாருந்தான்."

ரிஜிஸ்டர் ஆபீசில் நாங்கள் கையெழுத்துப் போட்டு மூன்று வருஷம். அவனைப் பெற்றவர்கள் இதுவரை இந்த வாசலை மிதித்ததில்லை. அவன் ஊர் அனந்தபுரம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது?

"என்னைப் பாக்கவா?" என்றேன்.

"நம்மளப் பாக்க" என்றான்.

சந்தோஷத்தில் இரண்டு முறை பல் தேய்த்திருக்கிறேன். பைத்தியம்.

5 ஜூன், வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். போனிலேயே அழுதது. அழுது முடித்ததும் சொன்ன முதல் பேச்சு: "கறி எதுவும் ஆக்காதடி கலை. என்னா கறின்னு கேப்பாங்க."

உண்மைதான். போன வருஷம் அத்தை இவனிடம் போனில் கேட்டது என் காதிலேயே விழுந்தது. "அவ வூட்டு ஆளுங்க துன்றதெல்லாம் உன் வூட்டு அடுப்புல வேவுதாடா?" அவன் சட்டென்று பால்கனிக்குப் போய்விட்டான். என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

சாம்பார் வைத்தால் எங்கள் தெருச் சாம்பார் என்பார்கள். குழம்பு வைத்தால் எங்கள் தெருக் குழம்பு. யார் வீட்டுக் கைமணமும் இல்லாத ஒரு சாப்பாடு வேண்டும். அப்போதுதான் லூபேவின் ஞாபகம் வந்தது. காலேஜ் லீவில் ஆரோவில் பக்கம் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்தேனே, அங்கே இருந்த மெக்சிகோக்காரம்மா. பிஞ்சுப் பரங்கிக்காயின் தலையைச் சீவி, குடைந்து, உள்ளே சோறு, ராஜ்மா, சோளமுத்து, தக்காளி, குடைமிளகாய், சீரகம், காய்ந்த மிளகாய் எல்லாம் வதக்கி அடைத்து, மேலே சீஸ் துருவிச் சுடுவாள்.

அனந்தபுரத்தில் யாரும் இதைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆகவே யாரும் குறை சொல்லவும் முடியாது. ஒரு துண்டு கறிகூட இல்லை. இதில் என்ன கேட்டுவிட முடியும்?

8 ஜூன், ஞாயிறு

ஒத்திகை பார்த்தேன். நம்மிடம் ஓவன் இல்லை. இட்லிப் பானையில் அரை வேக்காடாக வேகவைத்து, பிறகு இரும்புச் சட்டியில் மூடிபோட்டுச் சின்னத் தீயில் விட்டேன். தோல் கருகாமல், சீஸ் உருகி வழிந்து நன்றாகத்தான் வந்தது. சுகுமார் இரண்டு சாப்பிட்டான். "ஏய், அம்மா மெரண்டுடும்டி" என்றான்.

அவன் எப்போதும் என் கையால் சாப்பிடுகிறவன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

14 ஜூன், சனி

அப்பா வானூரிலிருந்து பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கிக் கோணிப்பையில் எடுத்து வந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன் என்கிறார்.

"வூட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போப்பா."

"வேணாம்மா. சென்ட்ரிங் வேலை பாதில நிக்குது. நாளிக்கு அவங்க வர்ற நேரத்துல நான் வந்துட்டுப் போனேன்னு இருக்க வேணாம்."

நாளைக்குத்தானே வருகிறார்கள், இன்றைக்கு என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பை கனமாக இருந்தது. ஆட்டோ பிடித்தேன்.

15 ஜூன், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாமல் படுத்தால் தூங்க முடியாது.

சாயங்காலம் கார் வந்து நின்றது. மாமா முன்னால், அத்தை பின்னால், அவன் தங்கச்சி காயத்ரி கடைசியில். அத்தை கையில் நாலடுக்குத் தூக்கு. பலகாரம் செய்து எடுத்து வந்திருக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய் வாங்கக் கையை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று மறு கைக்கு மாற்றிக்கொண்டார். காயத்ரியின் பையில் தண்ணீர் பாட்டில்கள்.

உட்கார்ந்தார்கள். ஃபேனைப் பார்த்தார்கள், டிவியைப் பார்த்தார்கள். மாமா என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "விழுப்புரத்துலதான் வேலையா?" ஆமாம் மாமா என்றேன். அந்த "மாமா" காற்றில் நின்றுவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சமையலறைக்கு வந்தேன். பின்னாலேயே காயத்ரி வந்தாள். "செம வாசன அண்ணி, இன்னா இது?" சொன்னேன். ஒன்றை எடுத்து ஊதி ஊதி, நின்றபடியே முழுதும் தின்றாள். உதட்டில் சீஸ் நூல் இழுத்தது. "அண்ணி, இத எனக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒருத்தியாவது, என்று நினைத்தேன்.

கூடத்திலிருந்து அத்தை குரல். "காயத்ரி! அங்க இன்னா பண்ற? வாயில எதனா வச்சியா?"

புறங்கையால் வாயைத் துடைத்தாள். "ஒண்ணும் இல்லமா, சும்மா பாத்துக்கினு இருந்தேன்." போய்விட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

தட்டுகளை வைத்தேன். ஆளுக்கொரு காய், சீவிய தலையையே மூடியாக வைத்து, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. அழகாக இருந்தது. அத்தை குனிந்து பார்த்தார். விரலால் தொடவில்லை.

"இந்தாம்மா, உள்ள இன்னா வச்சிக்கீற?"

மூன்று வருஷத்தில் என் பேர் அவர் வாயில் வந்ததில்லை. இந்தாம்மாதான்.

"சோறு, ராஜ்மா, சோளம்... காய்கறிதான் அத்தை."

"மூடி வச்சிருந்தா நமக்கு எப்டித் தெரியும்? செவசெவன்னு கீதே."

"அது தக்காளி அத்தை."

என்னை யாரும் பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. நானேதான் செய்தேன். ஸ்பூனை எடுத்து அந்தக் காயைப் பிளந்து, உள்ளே இருந்ததைத் தட்டில் பரப்பினேன். இது ராஜ்மா. இது சோளம். இது குடைமிளகாய். திருட்டுப் பொருளைக் கடை பரப்புவது போல. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். சுகுமார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னங்க, நீங்களாவது சொல்லுங்க" என்றேன். கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

நான் பரப்பிய தட்டை அத்தை பார்த்தார். பிறகு சாந்தமாகச் சொன்னார்: "நல்லாத்தான் செஞ்சிக்கீற. எங்களுக்கு ஒடம்புக்கு ஆவாது. வரும்போது சோறு கட்டிக்கினு வந்துடுங்கன்னு சுகுமாரே சொல்லிட்டான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தூக்கைத் திறந்தார்கள். புளிசோறு, தயிர்சோறு, வேர்க்கடலைத் துவையல். அவர்கள் பாட்டில், அவர்கள் தண்ணீர். அத்தை ஒரு தட்டில் போட்டு சுகுமாரிடம் நீட்டினார். வாங்கினான். சாப்பிட்டான்! நான் பக்கத்தில் நிற்கிறேன், என் காய் ஆறிக்கொண்டிருக்கிறது, இவன் விரலை வழித்துச் சாப்பிடுறான். மறுசோறும் வாங்கிக்கினான்.

கை கழுவிய பிறகு மாமா தொண்டையைச் செருமினார்.

"காயத்ரிக்கு நல்ல எடம் அமைஞ்சிருக்குது. ஆவணில கண்ணாலம். அவங்ககிட்ட சுகுமாருக்கு இன்னும் ஆவலைன்னு சொல்லிக்கீறோம். நீ அந்தப் பக்கம் வராம இருந்தா போதும்மா. படிச்ச பொண்ணு, புரிஞ்சிப்ப."

அப்படியானால் இதற்குத்தான் வந்தார்கள்.

சுகுமாரைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

கார் போன பிறகு சமையலறையில் நின்று ஒரு காயைத் தின்றேன். ஆறிப்போயிருந்தது. ருசியாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

16 ஜூன், திங்கள்

லீவு சொல்லவில்லை. வேலைக்குப் போனேன். காலையில் கிளம்பும்போது கேட்டேன்.

"சோறு கட்டிக்கினு வரச் சொன்னியா?"

"சங்கடப்படக் கூடாதுன்னுதான். சாப்புடாம எழுந்து போயிருந்தா உனக்குத்தான அசிங்கம்?"

"அப்ப என்னை ஏன் ஒரு வாரமா சமைக்க விட்ட?"

"நீ ஆசைப்பட்ட."

"உனக்குக் கண்ணாலமே ஆவலையாமே?"

அதற்குத்தான் அவன் குரல் உயர்ந்தது. "உன்னை நான் கட்டிக்கினேன் இல்ல? ஊரை எதிர்த்துக் கட்டிக்கினேன் இல்ல? அதுக்கு மேல இன்னும் என்னாடி வேணும் உனக்கு?"

அவன் கத்தியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னதை அவன் நம்புகிறான். எனக்குச் செய்து முடித்துவிட்டான். பாக்கி எதுவும் இல்லை.

மிச்சக் காய்களை அவனே காலையில் குப்பை வண்டியில் கொட்டியிருந்தான். வண்டி தள்ளும் வெள்ளையம்மாள் சாயங்காலம் பார்த்துச் சொன்னார்: "இன்னாமா, முழுசு முழுசா போட்டுட்டீங்க. கெட்டுப் போச்சா?" ஆமாம் என்றேன்.

29 ஜூன், ஞாயிறு

இன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. ஓட்டலிலிருந்து வாங்கி வந்தான். பொட்டலத்திலேயே தின்றோம்.

18 ஜூலை, வெள்ளி

காயத்ரி ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். அடைத்த பரங்கிக்காய். கோணலாக வெட்டியிருக்கிறாள், சீஸ் கருகியிருக்கிறது. கீழே: "வருங்கால மாமியாருக்காக நான் கண்டுபிடிச்ச டிஷ்." மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுப் பாராட்டினார்களாம். அத்தையும் தட்டோடு படத்தில் இருக்கிறார். வாய் நிறைய.

ஆக, உடம்புக்கு ஆகும்.

சுகுமாரிடம் காட்டினேன். "சின்னப் பொண்ணு, விடு" என்றான்.

4 செப்டம்பர், வியாழன்

கல்யாணம். முந்தாநாளே போய்விட்டான். பட்டு வேட்டியை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? தெரியவில்லை. கைப்பழக்கம்.

மதியம் அவன் சித்தப்பா மகன் புகழேந்தி வீடியோ அனுப்பினான். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். ஒரு பாட்டுக்கு எல்லோரும் ஆடுகிறார்கள். ஒரு பெரியம்மா சுகுமாரின் தாடையைப் பிடித்துக் கேட்கிறார்: "தங்கச்சிக்கு முடிஞ்சிது, அடுத்தது நீதான். பொண்ணு பாக்கட்டுமா?"

அவன் சிரிக்கிறான். வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். "பாருங்க பெரிம்மா" என்கிறான்.

இல்லை, நடிப்பு என்று தோன்றவில்லை. நாலு தடவை பார்த்தேன்.

வீடியோவுக்குக் கீழே புகழேந்தி எழுதியிருந்தான்: "அண்ணி, நீங்க தெரிஞ்சிக்கணும்னுதான் அனுப்புறேன். மன்னிச்சிடுங்க."

6 செப்டம்பர், சனி

லேபில் கூட வேலை செய்யும் கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு அறையில் இருக்கிறாள். வந்துவிடுங்கள் அக்கா என்றாள். போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா காந்திமதி மாடிப்படியிலேயே நிறுத்தி, "நீங்க என்னா ஆளுங்க?" என்று கேட்டார். மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு சுகுமார்தான் பதில் சொல்வான், அவன் சாதியைச் சொல்லி. இன்று நானே சொன்னேன். எங்களுடையதை. தெருப் பேரோடு.

அந்தம்மா யோசித்தார். "அட்வான்ஸ் கூட ஆவும்" என்றார்.

கலைப்பிரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சரி என்றேன். வேறு வீடு தேடலாம். முதலில் படுக்க ஓர் இடம்.

7 செப்டம்பர், ஞாயிறு

அவன் திரும்பி வருவதற்குள் கிளம்ப நினைத்தேன். வந்துவிட்டான். நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது.

"எங்க பொட்டியத் தூக்கிக்கினு?"

"உனக்குப் பொண்ணு பாக்கறாங்களாம். வீடு காலியா இருக்கட்டும்."

"வெளயாட்டுக்குச் சொன்னதுடி அது!"

"நான் வெளயாட்டுக்குப் போவல."

அழுதான். நிஜமாகவே அழுதான். எனக்கு இரக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

21 செப்டம்பர், ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் அறைக்கு வந்தார்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, மூன்று டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

9 அக்டோபர், வியாழன்

மதியம் செக்யூரிட்டி வந்து யாரோ தேடுகிறார்கள் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் சுகுமார். இளைத்திருந்தான். சட்டை கசங்கியிருந்தது. கலைப்பிரியாவும் நானும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தோம். கை ஈரம்கூடக் காயவில்லை.

வீட்டில் சொல்லிவிட்டதாகச் சொன்னான். காயத்ரி வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிட்டதாம். பெரிய சண்டையாம். அம்மாவே என்னைக் கூட்டிக்கினு வரச் சொன்னதாம். சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் அவன் கேட்டான்:

"சாப்டியா?"

"சாப்டேன்."

மணி இரண்டு இருக்கும். அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பசித்தால் அவன் உதடு இரண்டு ஓரமும் வெளுத்துவிடும், அது எனக்குத் தெரியும். நான் என்ன கேட்பேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் திருப்பிக் கேட்கவில்லை. ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே வந்துவிட்டேன்.