சத்தம் போடாத பெட்டி

ஜூலை 14, திங்கள்

ஒரு வழியாகப் பழைய கண்ட்ரோல் பேனலைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டிவிட்டோம். ஈக்காட்டுத்தாங்கலில் தங்கபுஷ்பம் அக்காவின் பாட்டில் மூடி கம்பெனி. மொத்தம் நாலு மெஷின், இது முதலாவது. பிளாஸ்டிக்கை உருக்கும் குழாயைச் சுற்றி ஆறு ஹீட்டர். இத்தனை வருஷம் அவற்றைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தவை காண்டாக்டர் என்கிற பெரிய சுவிட்சுகள். நாளெல்லாம் டக் டக்கென்று அடித்துக்கொண்டு, நினைத்தபோது கருகி நிற்கும். இப்போது அந்த இடத்தில் ஆறு சாலிட் ஸ்டேட் ரிலே. உள்ளே அசைகிற பாகமே கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. ஆறையும் ஒரே கேபிளில் கோத்து, எந்த ஹீட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று வீட்டிலிருந்தே என் ஃபோனில் பார்க்கிற மாதிரி செய்திருக்கிறேன்.

ஃபராஸ் வயரிங், நான் நெட்வொர்க். கல்யாணம் ஆனதிலிருந்து எங்களுக்குள் இதுதான் பாகப்பிரிவினை. ஒவ்வொரு ரிலேவுக்கும் தனித்தனி எண் கொடுக்க வேண்டும். ஒரே எண் இரண்டுக்கு விழுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், ஒன்றும் புரியாது. இவரும் இவர் அம்மாவும், அதான் என் மாமி, சேர்ந்து பேசினால் எப்படியோ அப்படி.

அக்கா பேனலில் காது வைத்துக் கேட்டார். "ஏம்மா சிம்ரா, சத்தமே வரலையே. வேலை செய்யுதா?"

"சத்தம் வராததுதான்க்கா இதுல விசேஷம்."

"அப்ப எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு."

ஆடி பிறந்துவிட்டால் புதுசாக எதையும் தொடமாட்டாராம், அதனால்தான் இந்த அவசரம். "ஆடி பூரா இது நிக்காம ஓடட்டும். ஆவணியில மீதி மூணும் உங்களுக்குத்தான்" என்றார். நின்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பழைய பேனலைத் தார்ப்பாய் போட்டு மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறார். அதுதான் பதில்.

ஜூலை 16, புதன்

இவர் பாஸ்போர்ட் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. சவூதியில், டம்மாமில் பேனல் போர்மேன் வேலை, இரண்டு வருஷம். ஆகஸ்ட் பதினைந்துக்குள் முடிவு சொல்லச் சொல்லி ஏஜென்ட் நெருக்குகிறான். நாங்கள் சேர்ந்து போட்ட ஷெட்டுக்கு வேலை வந்தால் இவர் இங்கே. வராவிட்டால் அங்கே. ஆக, அக்காவின் மூன்று மெஷின்தான் எல்லாம்.

எனக்கு இவர் இங்கேதான் வேணும். நெட்டில் முகத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டு, சாப்டீங்களா சாப்டீங்களான்னு கேட்டுக்கிட்டு... என்னால ஆகாது. இதை இவர்கிட்ட சொன்னா போகவும் முடியாம இருக்கவும் முடியாம தவிப்பார். அதனால இங்கே எழுதி வெச்சுக்கறேன்.

ஜூலை 18, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு லீவு. இவர் குளித்து, அத்தர் போட்டுக்கொண்டு கச்சேரி ரோடு பள்ளிவாசலுக்கு ஜும்மாவுக்குக் கிளம்பினார். நான் மாமியோடு அடுப்படியில். தால்ச்சா கொதித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் கத்தியது. மூன்றாவது ஹீட்டர் நின்றுவிட்டது. பின்னாலேயே நாலாவதும்.

ஆபரேட்டர் தேசிங்குவைக் கூப்பிட்டேன். "இன்னாக்கா, உன் பொட்டி தூங்கிக்கினு கீது. மூடியெல்லாம் பாதி வாயோட வருது."

கதவைத் திறந்து உள்ளே ஏதாவது கருகியிருக்கிறதா பார் என்றேன். திறந்து வைத்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஹீட்டரும் தானாகவே வந்துவிட்டன.

தொட்டால் சரியாகிறது என்றால் எங்கோ லூஸ் கனெக்‌ஷன். வேறென்ன?

ஜூலை 19, சனி

இவர் போய் ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கிவிட்டு வந்தார். ஒன்றுகூட லூஸ் இல்லையாம். இல்லை என்பதில் ஒரு பெருமை வேறு.

ஜூலை 20, ஞாயிறு

துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் ஒரு ரோஜா இதழ்.

"யாருங்க அந்த ரோஜா?"

"பேனல்தான் குடுத்துச்சு. ஃபேன் ஃபில்டரைத் தட்டினேன், உள்ளேர்ந்து விழுந்துச்சு. உன்கிட்ட காட்டலாம்னு எடுத்து வெச்சேன்."

"எல்லா ஆம்பளையும் இப்படி ஏதாவது சொல்வாங்கதான்."

மாமி உள்ளேயிருந்து, "இன்னா அங்க சிரிப்பு, குழாய மூடுங்க" என்று குரல் கொடுத்தார். இதழை இந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஓரம் பழுப்பாகிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

மறுபடியும்! அதே தால்ச்சா நேரம். இந்தத் தடவை நாலு ஹீட்டர். தேசிங்கு கதவைத் திறந்தான், சரியானது.

ஜூலை 26, சனி

சண்டை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் இவர் வயரிங் என்றேன். இவர் என் நெட்வொர்க் என்றார். இரண்டு பேரும் கம்பெனிக்குப் போய், தேசிங்கு முன்னாலேயே ஒரே பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பேசினோம். கேபிளை மாற்றினேன். இவர் மூன்றாவது ரிலேவையே மாற்றினார். மெஷின் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடியது. எங்களைப் பார்த்தால் ஒழுங்காகிவிடும், வீட்டுக்குப் போனால் ஆட்டம் காட்டும்.

அக்கா கோபப்படவில்லை. "இன்னொரு தடவை நின்னா பழசையே மாட்டிடலாம்மா. ஆர்டரை வெச்சுக்கிட்டு நான் விளையாட முடியாது."

ஸ்கூட்டரில் வரும் வழியில், நந்தனம் சிக்னலில் இவர் திரும்பாமலே சொன்னார்: "டம்மாமுக்கு சரின்னு சொல்லிடட்டுமா?"

ஹெல்மெட்டுக்குள்ள அழுதா துடைக்கக்கூட முடியாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது.

ஜூலை 28, திங்கள்

கோபம் தணிந்த பிறகு புத்தி வேலை செய்கிறது. இந்த ரிலேக்கள் கரண்ட்டை மட்டுமல்ல, தங்கள் சூட்டையும் சொல்லும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு அலுமினியக் கட்டி உண்டு. வேலை செய்யும்போது வருகிற சூட்டை அதுதான் காற்றில் விடும். ரொம்பச் சூடானால் ரிலே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். அந்தக் கணக்கை அனுப்பு என்று நான் கேட்கவே இல்லை. அது சொல்லத் தயாராகத்தான் இருந்திருக்கிறது.

கேட்டு வாங்கி, ஃபோனில் ஒரு கோடாக வரும்படி செய்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

கோடு தரையில் படுத்த மாதிரி நேராகப் போகிறது. சூடே இல்லை. பிறகு ஏன் நிற்கிறது?

மாமி எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டார். "ஊறி வர்றதுக்கும் அவன் கிளம்புறதுக்கும் சரியா இருக்கும்." பெரிய ஜாடி. துணி கட்டி ஜன்னலில் வெயிலுக்கு வைத்திருக்கிறார். ஃப்ரிட்ஜ் மேல் பாஸ்போர்ட், ஜன்னலில் ஊறுகாய். என் வீட்டில் நான் எந்தப் பக்கம்தான் பார்ப்பது?

ஆகஸ்ட் 1, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையிலிருந்தே ஃபோனைக் கையில் வைத்திருந்தேன். பத்து மணிவரை கோடு நேராகத்தான் போனது. அப்புறம் மெல்ல ஏற ஆரம்பித்தது. ஆறு ரிலேவும் ஒன்றாக, யாரோ சேர்த்துப் பிடித்துத் தூக்குகிற மாதிரி. ஒரு கனெக்‌ஷன் லூஸ் என்றால் ஒன்றுதானே ஏறும்?

அப்போதுதான் உறைத்தது. ஒரு வெள்ளிக்கிழமையாவது நாங்கள் அங்கே போயிருக்கிறோமா? சனிக்கிழமை போவோம், திங்கள் போவோம். அது நிற்கிறதோ வெள்ளி மட்டும். எங்களுக்கு வெள்ளி லீவு!

இவர் தொழுகைக்கு முன்கூட்டியே போய்விட்டார், ஃபோன் சைலண்ட்டில். அடுப்பை அணைத்தேன். மாமி, "சோத்த அரையும் கொறையுமா விட்டுட்டு எங்கடி ஓடுற?" என்று கத்தக் கத்த, புர்காமேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். லஸ்ஸில் மெட்ரோக்காரன் ரோட்டை மறித்திருந்தான். அவனை என்னவெல்லாம் திட்டினேனோ, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன்.

எங்கள் பேனலுக்கு மாலை. சும்மா மாலை இல்லை, கல்யாண மாப்பிள்ளை போடுகிற மாதிரி, என் முழங்கை தடிமனுக்குச் சம்பங்கி, நடுநடுவே ரோஜா. ஆணி இல்லாததால் கதவின் மேல் மூலைகளில் இரண்டு காந்தம் வைத்து, அதில் மாட்டியிருந்தது. சூடு வெளியேறுகிற மேல் கம்பி வலையும் காற்றை இழுக்கிற கீழ் ஃபேனும் பூவுக்குள் மறைந்தே போயிருந்தன.

"ஆடி வெள்ளி ஆச்சேக்கா" என்றான் தேசிங்கு. "ஓனரம்மா காலைலயே போயி அவங்களே வாங்கியாந்தாங்கோ. காலைல வேல தொடங்கசொல்லோ பழச எடுத்துப் போட்டுடுவேன்."

மறுநாள் காலையில் எடுத்துவிடுவான். நாங்கள் அதற்குப் பிறகு போவோம். கதவைத் திறந்தால் மாலையும் கதவோடு விலகும், காற்று வரும், சரியாகும். நாங்கள் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தோம்.

காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் அதை எப்படிச் சொல்வது? நான் போய், புர்காவோட நின்னு, சாமிக்குன்னு போட்ட பூவை எடுங்கன்னு சொல்றதா? அக்கா ஒரு நிமிஷம் தப்பா நெனச்சுட்டா? இதுக்கா ஆள் வெச்சோம்னு தோணிட்டா? மூணு மெஷினும் போச்சு, இவரும் போயிடுவார்.

அக்கா ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். "வாம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, நீ எங்க இங்க?"

அவர் கையைப் பிடித்துப் பேனல் கதவில் வைத்தேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிக் கொதிக்குது?"

"மூச்சு முட்டுதுக்கா. மாலை ரொம்பப் பெருசு."

ஃபோனைக் காட்டினேன். அக்கா கோட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், திரும்பவும் கோட்டைப் பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ! மொத வாரம் சின்னதாதான் போட்டேன். மத்தியானத்துக்குள்ள வதங்கிப்போச்சு. புதுப் பொட்டிக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு நெனச்சு, போன வாரம் இன்னும் பெருசா போட்டேன். அதுவும் வதங்கிச்சு. இன்னிக்கு, கடையில இருக்கறதுலயே பெருசா குடுப்பான்னு சண்டை போட்டு வாங்கியாந்தேன்."

"பழைய பேனலுக்கு என்னக்கா போடுவீங்க?"

"அதுக்கு எதுக்கு மாலை, ஒரு கண்ணி மல்லி சொருகுவேன். இது நீயும் தம்பியும் பாத்துப் பாத்துப் பண்ணினதாச்சே."

சொல்லிக்கொண்டே அவரே இரண்டு காந்தத்தையும் பிடுங்கி, மாலையைத் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாண மேடையில் நிற்கிற மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. தேசிங்கு வேறு, "நாட்டுமோளம் வெக்கலாமாக்கா" என்றான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு இறங்கியது.

ஜும்மா முடிந்து விஷயம் கேட்டு இவர் தொப்பியோடு ஓடி வந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "ரோஜா!" என்று கத்தினோம்.

ஆகஸ்ட் 2, சனி

அக்கா, "இனிமே பூவே வேணாம்மா, மெஷின் ஓடினா போதும்" என்றாராம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆசையா போட்டீங்க, ஏன் நிறுத்தணும்? இடத்தை மட்டும் மாத்துவோம்" என்று சொல்லி, காற்றே போகாத இடது பக்கத்தில் பித்தளையில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்திருக்கிறார். இந்த மனுஷனை நான் எப்படி டம்மாமுக்கு அனுப்புவேன்!

ஆகஸ்ட் 8, வெள்ளி

கொக்கியில் மாலை. தேசிங்கு படம் அனுப்பினான். கோடு நாள் பூரா நேர்க்கோடு. தால்ச்சாவில் உப்பு அதிகம், ஆனாலும் எல்லாரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்கா இன்னும் வாய் திறக்கவில்லை. நாளைக்கு ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். நானாகக் கேட்கக் கூடாது என்று இவர் கண்டிப்பு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. காலையில் அக்காவே கூப்பிட்டார். "ஆடியில நல்ல வார்த்தை பேசக் கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா தம்பி வேற எங்கயும் சரின்னு சொல்லிடாம பாத்துக்கம்மா."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஏஜென்ட்டைப் பார்க்க ஷூவைப் போட்டுக்கொண்டிருந்த இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆவணி பிறந்ததும் அக்கா சொன்னபடி ஆர்டர் கொடுத்துவிட்டார்; இவர் மூன்று பேனலுக்கும் டிராயிங் போட்டு முடித்தார். இடது பக்கம் சின்ன வட்டம். பக்கத்தில் அவர் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில்: "பூ கொக்கி, பித்தளை." நான் நாலாவது கொக்கி என்று ஒன்று அதிகமாகச் சேர்த்தேன். எதுக்கு என்றார். எங்கள் ஷெட் பேனலுக்கு, என்றேன். மல்லிகைச் சரம் நான் வாங்கிக்கொள்ள மாட்டேனா?

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மாமி எழுந்து போய், ஜன்னலிலிருந்த ஜாடியை எடுத்துவந்து, துணியை அவிழ்த்து, முதல் துண்டை இவர் தட்டில் வைத்தார்.