தள்ளிவைக்கும் சொல்

7 பெப்ரவரி 1955, திங்கள்

காலையில் முதல் வேலையாகத் தங்கச்சியின் குசினிச் சுவரைக் கழுவினேன். இரத்தம் சுண்ணாம்பில் ஊறியிருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது. றபீக்கா பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த உதட்டில் துணியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

நேற்று மீன் ஆணத்தில் உப்புக் கூடிவிட்டதாம். அவள் புருஷன் மசூர் அவளுடைய தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடு, சத்தம் கேட்டு ஓடினேன். என்னைக் கண்டு சிரித்தான். வக்கீல் புறக்டரிடம் கிளாக்காக இருப்பவன், அங்கே பொறுக்கிய இங்கிலீஷை என்னிடம்தான் காட்டுவான்.

"மதினி, இவளை ரிப்பூடியேட் பண்ணப்போறன். நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானே, கருத்தச் சொல்லிக் குடுங்க."

8 பெப்ரவரி

"என்னகா ராத்தா அந்தச் சொல்லு?" றபீக்கா கேட்டாள்.

வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். சோறு வேண்டாம் என்பதற்கு அந்தச் சொல் வராது. செய்த ஒப்பந்தம், சுமத்திய பழி, பெற்ற மகன், கட்டிய மனைவி — இது என்னுடையதல்ல, இனி என்னைக் கட்டாது என்று ஊரறியத் தள்ளுவதற்குத்தான் வரும்.

"அப்ப, அடி வாங்கினவள் சொல்லேலாதா?"

"சொல்லலாம்."

"ஆரு கேப்பா?"



10 பெப்ரவரி

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர் அப்துல் ஸமட் வந்து சமாதானம் பேசினார். மசூர் எங்கள் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே தலையாட்டினான்.

"வீடு உங்கட. மாப்பிள்ளை எறங்கிப் போனா ஊர் பொண்ணைத்தான் கதைக்கும். சபூர் செய்ங்க, பொறுத்துப் போங்க," என்றார் மரைக்காயர்.

வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. அதற்குள் வந்து இருப்பவன் அவன். அவன் போய்விடக் கூடாதே என்று கெஞ்சுவது நாங்கள்!

12 பெப்ரவரி

உலக்கையால். இடது கை.

13 பெப்ரவரி

பரிசாரி வந்து முறிவுக்கு மருந்துப் பத்துக் கட்டினார். விழுந்துவிட்டேன் என்று அவரிடம் றபீக்காவே சொன்னாள். வேறு சொன்னால் மற்றக் கையும் போகும் என்று மசூர் சொல்லியிருக்கிறான்.

அவன்ட கை முறியோணும். கழுத்து முறியோணும். தேங்காய் துருவக்குள்ள அவன்ட முகத்தைத்தான் நினைச்சுத் துருவினன். யா அல்லாஹ், என்னை மன்னி. — இல்ல, இப்ப மன்னிக்க வேணாம்.

16 பெப்ரவரி

நெல்லுச் சூடடிப்புக்கு மசூர் வயல்வட்டைக்குப் போய்விட்டான். அதுவும் அவளுடைய சீதன வயல்.

இன்றுதான் விளங்கியது. அந்தச் சொல்லை அவன் ஒருநாளும் விவாகரத்துத் தீர்க்கும் காதியாரிடம் சொல்லமாட்டான். சொன்னால் வீடுமில்லை, வயலுமில்லை. மிரட்டத்தான் வைத்திருக்கிறான். நாங்கள் அதற்கு நடுங்கியிருக்கிறோம்.

றபீக்காவின் தலையை வாரிவிட்டேன். காயம் இன்னும் காயவில்லை.

"ராத்தா, எனக்கு அவர் வேணாம். பொம்பிளை வாயால சொல்லத்தான் ஏலாதாம்."

"மெய்யாவா?"

"ஓம். மெய்யாத்தான்."

17 பெப்ரவரி, வியாழன்

நாளை அவன் வட்டையிலிருந்து நேரே ஜும்ஆவுக்குத்தான் வருவான். தொழுகை முடிந்து ஆட்கள் எங்கள் ஒழுங்கையால் திரும்பும்போது, அவனுடைய பெட்டியும் உடுப்பும் வாசல் கடப்புக்கு வெளியே மண்ணில் கிடக்கும். நான் கடப்படியில் நிற்பேன். இந்த வீட்டுக்கு நீ இனி மாப்பிள்ளை இல்லை என்று தமிழில் சொல்வேன். கை ஓங்கினால் மரைக்காயர் பார்க்க ஓங்கட்டும். காதியார் கேட்கும்போது, கண்ணால் கண்டதை எல்லாம் சொல்வேன்.

றபீக்காவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.