துடைக்கக் கூடாத எண்

அலை தொடும் துறைகளுக்கெல்லாம் நிழலாகி, பகைவர்க்கும் நன்னீர் தரும் பேரரசி நீலவல்லியார் திருமுன், திசைவிக்கோட்டை வாயில் நாயகன் செம்பரையன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. மதிலும் மக்களும் நலம். அரண்மனையின் நலம் வளர்க.

மணச் சம்மதம் சொன்ன ஓலை உப்பு வணிகர் கைக்கு எப்படிப் போயிற்று என்று அவையில் தாங்கள் கேட்டபோது, எழுந்த சிரிப்பில் நாயகனின் விடை பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறான்.

கோட்டைக்குள் வீடுகள் பல. வெளியுலகுக்குத் தெரிவது கோட்டையின் பெயர் ஒன்றே. நமக்கிருப்பது போலவே எல்லாக் கோட்டைகளிலும் ஊர்களிலும் ஒரு வடக்குத் தெரு மூன்றாம் வீடு உண்டு. ஆதலால் வெளியே செல்லும் ஓலையின் உறையில் வீட்டின் பெயரை அழித்து, கோட்டையின் பெயரையும் ஓர் எண்ணையும் பொறித்து, அந்த எண் எவருடையது என்று வாயிற்பலகையில் நாயகன் குறித்துக்கொள்வான். எண்ணோடு வரும் விடையை உரிய வீட்டில் சேர்ப்பான். பலகையில் இல்லாததைத் திருப்பிவிடுவான். நெடுநாள் பேச்சற்ற எண்ணைத் துடைத்துவிடுவான்.

மூன்றாம் வீட்டில் கப்பற்பாய் தைக்கும் கோதைமலர், தென்துறைத் தச்சன் கடம்பனுக்குத் தன் விருப்பத்தை எழுதி, ஓலையின் அடியில் வீட்டின் பெயரையும் எழுதிவிட்டாள். உறையை மாற்றும் வாயில், உள்ளிருக்கும் ஓலையைத் தொடாது. மகிழ்ச்சியில் கடம்பன் எண்ணை மறந்து அந்தப் பெயருக்கே விடை விடுக்க, தென்துறைத் தூதன் அதைத் தன் ஊர் மூன்றாம் வீட்டில் கொடுத்தான். அங்கிருந்த நரைமீசை உப்பு வணிகர், தமக்கு ஏற்கெனவே மனைவி இருப்பதாகப் பணிவுடன் மறுமொழி தந்தார். கடம்பன் மறுமுறை எண்ணோடு விடுத்த சம்மதத்தை நாயகனே ஓடிப்போய்க் கொடுத்தான், தெருவே கூடிவிட்டது.

ஆனால் கடம்பன் கடலேறிவிட்டான். எத்துறையில் கரை சேர்கிறானோ அங்கிருந்தே மணநாளை எழுதுவான். அதற்குள் எண் துடைக்கப்பட்டிருக்கும். அவன் ஓலை அந்நியனுடையதாகத் திரும்பும். அவள் மனம் மாறிவிட்டதென்றே அவன் கொள்வான். இதைச் சொன்னதும் கோதைமலர் ஊசியைக் கீழே வைத்தாள்.

“அவருக்கு என்னைத் தெரியும் ஐயா. உங்க வாசலுக்குத்தான் தெரியல.”

நாளை விடியலில் பலகை துடைக்கப்படும். கடம்பனின் மடியிலிருக்கும் கோதைமலர் ஓலையுறையின் எண்ணை மூன்றாம் வீட்டுக்கு நிலையாக்கி, அதனுடன் எத்துறையிலிருந்து எது வந்தாலும் அவளிடமே சேர்க்க ஆணை தர வேண்டுகிறான். ஈரத்துணி நாயகன் கையில் இருக்கிறது. இவ்வோலையின் அடியில் திருமுத்திரைக்கு இடம் விட்டிருக்கிறது.